முழுமையற்ற ஓங்குத்தன்மையும் பூக்களின் நிறமும்

முழுமையற்ற ஓங்குத்தன்மை என்பது, ஒரு பண்புக்குரிய இரு அல்லீல்களில் (மரபணுவின் மாற்று வடிவங்களில்) எதுவும் மற்றதை முழுவதும் மறைக்காததால், கலப்பினச் சந்ததி பெற்றோர் இருவருக்கும் இடைப்பட்ட தோற்றத்தைப் பெறும் மரபுரிமை முறையாகும். அந்திமந்தாரை, ஆன்டிரைனம் ஆகிய செடிகளின் பூ நிறம் இதற்குச் சிறந்த சான்று.

வரலாறு

கிரெகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில், ஊதாப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் ஊதாவாகவே பூத்தது. இரண்டாம் தலைமுறையின் 929 செடிகளில் 705 ஊதா, 224 வெள்ளை; அதாவது ஏறத்தாழ 3:1. மெண்டலின் விதிகளை 1900இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தவர்களுள் ஒருவரான ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் காரென்ஸ், அந்திமந்தாரையில் வேறொரு போக்கைக் கண்டார். சிவப்பையும் வெள்ளையையும் கலந்ததில் பிறந்த செடிகள் இளஞ்சிவப்பாகப் பூத்தன.

மரபுரிமைப் போக்கு

இளஞ்சிவப்புச் செடி ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அல்லீலும் ஒரு வெள்ளை அல்லீலும் இருக்கும். மகரந்தத்திலும் சூல்முட்டையிலும் இவற்றுள் ஒன்று மட்டுமே செல்லும். ஆகவே இச்செடி தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் சந்ததி சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என 1:2:1 விகிதத்தில் பிரியும். வெள்ளைச் செடியோடு கலந்தால் பாதி இளஞ்சிவப்பாகவும் பாதி வெள்ளையாகவும் அமையும். மெண்டலின் பட்டாணியில் ஒரே தோற்றத்துக்குள் இரு மரபணு வகைகள் ஒளிந்திருக்கும். இங்கே நிறத்தைப் பார்த்தே மரபணு வகையைச் சொல்லிவிடலாம்.

பெற்றோரின் பண்புகள் சாயம்போலக் கரைந்து கலந்துவிடுகின்றன என்ற பழைய கருத்தை இளஞ்சிவப்பு நிறம் ஆதரிப்பதாக மேலோட்டமாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த தலைமுறையிலேயே மாசற்ற சிவப்பும் வெள்ளையும் திரும்பிவருவதால், நிறம் இடைப்பட்டதாக இருந்தாலும் அல்லீல்கள் கலக்கவில்லை என்பது உறுதியாகிறது.

காரணம்

நிறமியை உருவாக்கும் வேதிவினைகளை நொதிகள் நடத்துகின்றன. வெள்ளைக்குரிய அல்லீல் பெரும்பாலும் செயல்படும் நொதியைத் தராது. செயல்படும் அல்லீலின் ஒரே பிரதி முழு நிறத்துக்குப் போதுமான அளவு நொதியைத் தந்தால் முழு ஓங்குத்தன்மை. போதாமல் நிறமி குறைந்தால் இடைப்பட்ட நிறம். எனவே ஓங்குத்தன்மை அல்லீலின் தனி வலிமையன்று. அதன் விளைபொருள் எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்தது. ஆன்டிரைனத்தில் இந்நிறமி ஆந்தோசயனின். அந்திமந்தாரையிலோ பீட்ரூட்டுக்குச் சிவப்பூட்டும் பீட்டாலெய்ன் வகை நிறமி.

இணை ஓங்குத்தன்மை இதிலிருந்து வேறுபட்டது; அதில் இரு பண்புகளும் கலப்பினத்தில் முழுமையாக, அருகருகே வெளிப்படும். முழுமையற்ற ஓங்குத்தன்மையில் பூ முழுவதும் ஒரே சீரான இடைநிறம் காணப்படும். அந்திமந்தாரையின் ஒரே பூவில் தோன்றும் கோடுகளும் திட்டுகளும் இதனால் விளைபவை அல்ல. அவை நிலையற்ற மரபணுக்களோடு தொடர்புடையவை.

வளர்ப்பில் பயன்

அந்திமந்தாரையின் ஒவ்வொரு பூவும் கருநிறமான, சுருக்கம் விழுந்த ஒரே ஒரு விதையைத் தரும். ஆதலால் 1:2:1 விகிதம் தெளிவாகப் புலப்பட, பல பூக்களின் விதைகளைச் சேர்த்து விதைக்க வேண்டும். இளஞ்சிவப்பை விதைமூலம் நிலையான வகையாக்க முடியாது. அதே நிறம் வேண்டுவோர் செடியின் கிழங்கு போன்ற வேரைக் காத்து மீண்டும் நடலாம். அல்லது தூய சிவப்பு, தூய வெள்ளைச் செடிகளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்கலாம்.