பழைய மேடும் புதுநகரும்

ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் 1751ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் பக்கச்சுவர் திடீரெனச் சரிந்து வீழ்ந்தது. மதிப்புவாய்ந்த குடும்பங்கள் பல அதிலே குடியிருந்தன. நகரத்தார் திகைத்துப்போய் ஏனைய பழைய வீடுகளையும் பரிசோதித்தனர். நில்லாதெனக் கண்டவை இடிக்கப்பட்டன. நகரின் நெடுந்தெருவிலே வாய் பிளந்த வெளிகள் தோன்றின. மறு ஆண்டில், அதாவது 1752இல், சிறுநூல் ஒன்று வெளியாயிற்று. நெருக்கத்தால் மூச்சுமுட்டும் மேட்டை விட்டிறங்கி, வடக்கே வெறுநிலமாய்க் கிடந்த வயல்வெளியிற் புதியதொரு நகரத்தை எழுப்ப வேண்டும் என்பதே அதன் சாரம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அயலை விட்டுப் போவதா, அதிலேயே இருப்பதா என்ற கேள்வி அன்று எடின்பரோவாசிகளின் வாசலில் வந்து நின்றது.

பழைய நகரம் எத்தகையது என அறிந்தாலன்றி இக்கேள்வியின் கனம் விளங்காது. கோட்டை நிற்கும் பாறையிலிருந்து ஹொலிறூட் அரண்மனை வரை ஒரு மைல் நீளமாக இறங்கிச் செல்லும் குன்றின் முதுகுதான் அந்நகரம். இரு மருங்கிலும் சரிவு. வடக்கே அழுக்கு நீர் தேங்கிய ஏரி. பரவ இடமின்றி வீடுகள் வானோக்கி வளர்ந்தன. முன்புறத்தில் ஆறு மாடி, சரிவுள்ள பின்புறத்திற் பத்துக்கு மேற்பட்ட மாடி என நின்ற கட்டடங்கள் அங்கிருந்தன. நெடுந்தெருவின் இரு பக்கமும் மீன்முள்ளுப் போலக் குறுகிய ஒழுங்கைகள் கிளைத்தன. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒழுங்கைகளும் அவற்றுள் உண்டு. தண்ணீரைத் தெருக்கிணறுகளிலிருந்து கூலியாட்கள் முதுகிற் சுமந்து மாடியேற்றினர். வீட்டுக் கழிவுகள் இரவு பத்து மணிக்குப் பின் யன்னல் வழியே தெருவிற் கொட்டப்பட்டன. கொட்டுமுன் மேலிருந்து எச்சரித்துக் கூவுவதும், கீழே போவோர் அபயக்குரல் எழுப்பி ஓடுவதும் அந்நகரின் இரவு வழக்கம். இதனை வேடிக்கையாக எழுதிச் சென்ற பயணிகள் பலர். குழந்தைகளை அங்கு வளர்த்த தாய்மாருக்கு அது வேடிக்கையாய் இருந்திராது.

ஆயினும் அந்நகருக்கு ஒரு தனிச்சிறப்பும் இருந்தது. உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் வெவ்வேறு தெருக்களில் அல்ல, ஒரே படிக்கட்டின் வெவ்வேறு தட்டுகளில் வாழ்ந்தனர். தெருவின் இரைச்சலும் நாற்றமும் எட்டாத நடுமாடிகளிற் பிரபுக்களும் நீதிபதிகளும் இருந்தனர். கீழ்த்தட்டிற் கடைக்காரரும், உச்சியிற் கைவினைஞரும் கூலியாட்களும் இருந்தனர். நீதிபதியின் மனைவியும் சப்பாத்துத் தைப்பவரின் மனைவியும் நாள்தோறும் அதே கற்படியில் எதிர்ப்பட்டனர். இதனைச் சமத்துவம் என்று கூறிவிடலாகாது. அண்டை வீட்டான் பட்டினி கிடப்பது தெரியாதபடி வாழ்வது அங்கு எளிதாக இருக்கவில்லை என்ற அளவிலே நிறுத்திக்கொள்வதே நேர்மை.

1720களிற் கட்டப்பட்ட ஜேம்ஸ் முற்றம் என்ற குடியிருப்பு இவற்றுள் நாகரிகமானது. அங்கு வாழ்ந்தோர் தமக்கென ஒரு செயலாளரை வைத்துக்கொண்டனர். முற்றம் பெருக்கத் தனியாள் அமர்த்தினர். தமக்குள்ளேயே விருந்தும் ஆடலும் நடத்தினர். தத்துவ அறிஞரும் வரலாற்றாசிரியருமான டேவிட் ஹியூம் வாழ்ந்ததும் அந்த முற்றத்திலேதான். அவர் கதைக்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

புதுநகரத் திட்டத்தை விடாப்பிடியாக நடத்தியவர் நகரபிதாவாகப் பலமுறை பதவி வகித்த ஜோர்ஜ் டிறமண்ட். 1759இல் ஏரியை வற்றச்செய்யும் வேலை தொடங்கியது. 1763இல் பள்ளத்தாக்கைக் கடக்கும் வடபாலத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. டிறமண்ட் 1766இற் காலமானார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் கிறெய்க் என்னும் இளம் கட்டடக்கலைஞர் வரைந்த படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது மிகவும் எளியது. நடுவே ஜோர்ஜ் வீதி, அதன் இரு முனைகளிலும் இரு சதுக்கங்கள், வடக்கிலும் தெற்கிலும் ஒருபக்கம் மட்டும் வீடுகள் கொண்ட இரு வீதிகள். செல்வர் வீதிகளுக்கு இடையே கடைக்காரருக்கும் கைவினைஞருக்குமெனச் சிறிய தெருக்கள் ஒதுக்கப்பட்டன. பழைய நகரிலே படிக்கட்டில் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருந்த மனிதர்கள், இங்கே தெருத்தெருவாகப் பிரிக்கப்பட்டனர். இந்த வேறுபாடு அன்று பெரிதாகத் தோன்றவில்லை போலும்.

படம் அழகாகவே இருந்தது. ஆனால் அங்கே போவார்தான் இல்லை. நீதிமன்றம், சந்தை, வங்கி, தேவாலயம், நண்பர் கூடும் உணவுச்சாலை யாவும் மேட்டில். புதுநகரத்திலோ ஒதுங்க மரமுமில்லை, வடகடற் காற்றைத் தடுக்கச் சுவருமில்லை. முதல் வீட்டைக் கட்டுவோருக்கு 20 பவுண் பரிசு என நகரசபை அறிவித்தது. ஜோன் யங் என்னும் கட்டட வேலைக்காரர் அதனைப் பெற்றார். இரண்டு ஆண்டுகளில், 1769 ஓகஸ்டில், முடியும் தறுவாயிலிருந்த வடபாலத்தின் ஒரு பகுதி இடிந்து ஐவர் மாண்டனர். போகலாமா என யோசித்தவர்கள் மறுபடியும் படிக்கட்டேறித் தத்தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டனர். 1772இலேதான் பாலம் மீண்டும் பாவனைக்கு வந்தது.

அவ்வாறு தயங்காதவர்களுள் ஹியூம் ஒருவர். 1770இல் நிலம் பெற்று மறு ஆண்டு புதுநகரிற் குடிபுகுந்தார். வீடு கட்டப்படும் காலத்தில், வற்றிக்கொண்டிருந்த ஏரிச் சேற்றை நடந்து கடக்கையில் அவர் சறுக்கி விழுந்து புதைந்தார் என்றும், அவ்வழியே வந்த மீன்காரி ஒருத்தி, “கடவுளை நம்பாத ஹியூம் நீதானே? கர்த்தருடைய செபத்தைச் சொன்னாற் கைகொடுப்பேன்” என்றாள் என்றும், பருத்த உடலினரான அந்தத் தத்துவ ஞானி மறுபேச்சின்றிச் செபம் சொல்லிக் கரையேறினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், சேறு உண்மை.

குடிபுகுந்தவர்களுக்கு விரைவில் வேறொரு அதிர்ச்சி காத்திருந்தது. பிரின்சஸ் வீதியின் தென்புறம் திறந்த வெளியாக இருக்கும் எனப் படத்தைப் பார்த்து நம்பி அவர்கள் நிலம் வாங்கியிருந்தனர். நகரசபையோ அப்பகுதியிலும் கட்டடம் எழுப்ப அனுமதி கொடுத்துவிட்டது. ஹியூம் உட்பட நிலம் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். விற்கும்போது காட்டிய படம் விற்றவரைக் கட்டுப்படுத்துமா என்பதே வழக்கின் உயிர்நாடி. லண்டனிலுள்ள பிரபுக்கள் சபை வரை அது சென்றது. ஆண்டுகள் பல இழுபட்டு, 1776இல் நடுவர் தீர்ப்பால் தென்புறத்தின் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டது. இன்று அவ்வீதியின் ஒரு பக்கம் பெரும்பாலும் பூங்காவாகக் கிடக்க, மறுகரையிற் கோட்டை தெரிவது அந்த வழக்கின் பயன். புதுக்குடியிருப்பில் நிலம் வாங்குவோர் வேறெதை மறந்தாலும் இதனை மறக்கலாகாது. அதே 1776இல், தம் புதிய வீட்டில், ஹியூம் உயிர்நீத்தார்.

பின்னர் தயக்கம் உடைந்தது. நீதிபதிகள் போயினர். அவர்களைத் தொடர்ந்து அப்புக்காத்துமார் போயினர். நீதிமன்றம் மேட்டிலேயே நின்றதால் காலையில் பாலத்தின் வழியே ஏறுவதும் மாலையில் இறங்குவதும் அவர்கள் வாழ்க்கையாயிற்று. புதிய வீடுகளின் அத்திவாரத்திலிருந்து தோண்டிய மண்ணைப் பள்ளத்திற் கொட்டி இரண்டாவது பாதையொன்றும் அமைத்தனர். ஜேம்ஸ் முற்றத்தின் அருகேயே அது மேடேறியது. 1783இல் நகரின் மாறுதல்களை இருபதாண்டு முந்திய நிலையோடு ஒப்பிட்டு எழுதிய வில்லியம் கிறீச் என்னும் புத்தக வியாபாரி, ஆர்கைல் பிரபுவின் மாளிகையிற் காலுறை விற்பவரும், டக்ளஸ் கோமகனின் வீட்டில் வண்டிச்சில்லுச் செய்பவரும் குடியிருப்பதாகக் குறித்துள்ளார். பிரபு ஒருவரின் வீடு தனக்கு வசதி போதாதெனப் பல்லக்குத் தூக்குபவர் ஒருவர் அதனை விட்டுச் சென்றதாகவும் அவர் கூறுகின்றார்.

சில்லுச் செய்பவருக்கு நல்ல வீடு கிடைத்ததே, அதில் என்ன குறை என்று கேட்கலாம். குறை அங்கு நிற்கவில்லை. வசதியுள்ளோர் நீங்கியதும் கூரையைச் செப்பனிடவும், முற்றத்தைப் பெருக்கவும், சபையிற் சென்று குரலெழுப்பவும் ஆளில்லாமற் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த ஏழைகள் அவ்வீடுகளில் நிறைந்தனர். ஒரு குடும்பம் வாழ்ந்த கூடம் பலகைத் தடுப்புகளாற் பல குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது. 1861 நவம்பர் 24ஆம் நாள், நெடுந்தெருவிலுள்ள பெய்ஸ்லி ஒழுங்கையிற் பழைய மாடிக்கட்டடம் ஒன்று இரவிலே இடிந்து 35 பேரைப் பலிகொண்டது. 1751இல் வீழ்ந்த சுவர் புதுநகரத்தைப் பெற்றெடுத்தது. 1861இல் வீழ்ந்த சுவர் அந்நகரம் கைவிட்டவர்கள் மேல் வீழ்ந்தது. மறு ஆண்டு ஹென்றி லிற்றில்ஜோன் என்னும் வைத்தியர் நகரின் சுகாதார அதிகாரியாக நியமிக்கப்பட்டார். 1865இல் வந்த அவரது அறிக்கையும், 1867இன் நகர்ச் சீர்திருத்தச் சட்டமும் பல ஒழுங்கைகளை இடித்துத் தள்ள வழிசெய்தன. இடிக்கப்பட்ட வீட்டிலிருந்தவர்கள் அடுத்த ஒழுங்கையிற் போய் நெருங்கினர்.

இந்நிலையில், 1887ஆம் ஆண்டில், எல்லாரும் போன திசைக்கு எதிர்த்திசையில் ஒருவர் குடிபெயர்ந்தார். அவர் பற்றிக் கெடிஸ் என்னும் தாவரவியல் அறிஞர். புதிதாக மணம் புரிந்திருந்த அவர், மனைவி அன்னாவுடன் வசதியான தெருவை விட்டு ஜேம்ஸ் முற்றத்துக்கு வந்தார். ஹியூம் வாழ்ந்த பகுதி 1857இல் தீயில் அழிந்துவிட்டதாயினும் முற்றம் அதுவேதான். தம்பதிகள் தம் அறைகளைக் கழுவி வெள்ளையடித்தனர். யன்னல்களிற் பூச்சட்டிகள் வைத்தனர். அயலாரையும் அவ்வாறு செய்ய ஊக்கினர். இற்றுப்போனதை மட்டும் நீக்கி, காற்றுக்கும் வெயிலுக்கும் வழிவிட்டு, நின்று பிடிக்கக்கூடியதைச் செப்பனிட்டு, குடியிருப்போரை அகற்றாமலே நகரத்தைத் திருத்தலாம் என அவர் நம்பினார். மாணவர் விடுதிகளை அங்கேயே அமைத்துப் படித்தவர்களை மேட்டுக்கு மீளக் கொண்டுவரவும் முயன்றார்.

அந்த முற்றத்திற் கற்ற பாடம் கடல் கடந்து நம்மவரிடமும் வந்தது. 1914இல் கெடிஸின் நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை இந்தியாவுக்கு ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானிய யுத்தக் கப்பலான எம்டன் மூழ்கடித்தது. தமிழரின் வழக்கில் வல்லாளனுக்குப் பெயராக நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். அவர் சளைக்கவில்லை. மாற்றுப் படங்களைத் திரட்டி 1915இற் சென்னையிலே கண்காட்சியை நடத்தினார். தஞ்சாவூரையும் மதுரையையும் நடந்து பார்த்து, நெருங்கிய தெருக்களை நேர்கோடாக வெட்டித் திறக்கும் திட்டங்களை மறுத்து அறிக்கைகள் எழுதினார். நோயை அறியாமற் கத்தியெடுக்கலாகாது என்பது அவர் கொள்கை. 1921இற் கொழும்பு நகரத்துக்கும் அவர் அறிக்கை தயாரித்தார்.

எடின்பரோவில் அவர் கொள்கை முழுதும் வெல்லவில்லை. உலகப் போர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மேட்டின் ஏழைக் குடும்பங்கள் பல நகரின் விளிம்பிலுள்ள கிறெய்க்மில்லர் போன்ற குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அங்கே குளியலறை இருந்தது, தோட்டம் இருந்தது. தாய் வீடும் வேலைத்தலமும் தொலைவிற் போயின. ஹியூமுக்கு வாய்த்ததுபோல் இருப்பதா போவதா எனத் தெரிவு செய்யும் உரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1995இல் யுனெஸ்கோ நிறுவனம் பழைய நகரையும் புதுநகரையும் ஒன்றாகச் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டது. கிறெய்க்மில்லர் அந்த எல்லைக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது.