மாலைதீவு: தீவுக்குத் தீவு மாறும் நடைமுறை

கொழும்பிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் மாலைதீவை அடைந்துவிடலாம். பெரும்பாலான நாடுகளின் சுற்றுலாப் பயணிகளுக்கு 30 நாட்களுக்கான விசா, வந்திறங்கியதும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. இந்த எளிமையே பல பயணிகளை ஏமாற்றிவிடுகிறது. நுழைவது எளிதான இந்நாட்டில், வேறு கடற்கரை நாடுகளில் இயல்பாகக் கருதப்படும் சில செயல்கள் தண்டனைக்குரிய குற்றங்களாகும்.

2008ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் இஸ்லாத்தை அரச மதமாக அறிவிக்கிறது. இஸ்லாத்தின் கோட்பாடுகளுக்கு முரணான சட்டம் எதையும் இயற்ற முடியாது என்றும் அது கூறுகிறது. வெளிநாட்டவரைப் பாதிக்கும் தடைகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

இருவகைத் தீவுகள்

1972ஆம் ஆண்டில் சுற்றுலாத் துறை தொடங்கியதிலிருந்து, பயணிகளைத் தனித் தீவுகளில் தங்கவைப்பதே அரசின் கொள்கையாக இருந்து வந்தது. ஒரு தீவில் ஒரு விடுதி, அங்கு உள்ளூர்க் குடியிருப்பு இல்லை என்பதே ஏற்பாடு. இத்தகைய உல்லாச விடுதித் தீவுகளில் உரிமம் பெற்று மது பரிமாறப்படுகிறது, நீச்சலுடைக்கும் தடையில்லை.

2009ஆம் ஆண்டுக்குப் பின்னர், மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதிக்கப்பட்டது. செலவு குறைவு என்பதால் மாஃபுஷி போன்ற தீவுகளை நாடுவோர் பெருகியுள்ளனர். ஆனால் அங்கு மது விற்பனை இல்லை. நீச்சலுடை அணிய, "பிகினி கடற்கரை" என்று ஒதுக்கப்பட்ட பகுதிக்கே செல்ல வேண்டும். பிற இடங்களில் தோளையும் தொடையையும் மறைக்கும் உடை எதிர்பார்க்கப்படுகிறது. ரமழான் மாதத்தில் பகல் வேளையில் பொது இடத்தில் உண்பதையும் பருகுவதையும் புகைப்பதையும் தவிர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடைகள் மூடப்படுவதும், அன்று பொதுப் படகுச் சேவை குறைவாக இருப்பதும் பயணத் திட்டத்தில் கருத்தில் கொள்ளத்தக்கவை.

எனினும், விடுதித் தீவு சட்டத்துக்கு அப்பாற்பட்ட இடம் அல்ல. முழுமையாகவோ அரைகுறையாகவோ உடையின்றி இருப்பது எல்லாத் தீவுகளிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. தன்பாலின உறவும் நாடு முழுவதும் சட்டப்படி குற்றமாகும். போதைப்பொருள் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனை விதிக்கப்படலாம்.

சுங்கப் பரிசோதனை

விடுதியில் மது கிடைக்கிறது என்பதால் பயணி தானே கொண்டு வரலாம் என்று பொருளல்ல. வழியில் தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தலும் சுங்க அதிகாரிகளிடம் தங்கிவிடும். பன்றி இறைச்சி, ஆபாசப் படங்கள் ஆகியவற்றுக்கும் தடை உண்டு.

தமிழ்ப் பயணிகள் அதிகம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வழிபாட்டுக்குரிய சிலைகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் உள்ளன. பயணம் நலமாக அமைய வேண்டும் என்று கைப்பையில் சிறு பிள்ளையார் சிலை வைப்பது நம்மவர் பலரின் வழக்கம். அதனை வீட்டிலேயே விட்டுச் செல்வதே நல்லது. வெளிநாட்டவர் தமது அறைக்குள் தனிப்பட்ட முறையில் வழிபடுவதற்குத் தடையில்லை. ஆனால் பொது இடத்தில் வழிபடுவதும், உள்ளூர் மக்களை அதில் சேர்த்துக்கொள்வதும், மத நூல்களை அவர்களுக்கு வழங்குவதும் குற்றமாகும். மதப் பிரசாரம் செய்யும் வெளிநாட்டவர் நாடுகடத்தப்படலாம்.

புகையிலைக்குப் புதிய கட்டுப்பாடு

மின்-சிகரெட் இறக்குமதி 2024 நவம்பரில் தடைசெய்யப்பட்டது. பின்னர் அதனை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் தடைக்குள்ளாயின. பயன்படுத்துவோருக்கு 5,000 ரூஃபியா அபராதம் விதிக்கப்படலாம்.

2025 நவம்பர் 1ஆம் திகதி முதல், 2007 ஜனவரி 1ஆம் திகதியிலும் அதன் பின்னரும் பிறந்தவர்கள் புகையிலைப் பொருட்களை வாங்கவோ பயன்படுத்தவோ முடியாது. இது சுற்றுலாப் பயணிகளுக்கும் பொருந்தும். தமது நாட்டில் சிகரெட் வாங்கும் வயதை எட்டிய இளைஞர் ஒருவர், இங்கு பிறந்த ஆண்டின் காரணமாகவே சட்டத்தை மீறியவராகிவிடக் கூடும்.

கடலிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம்

பவளப் பாறைகளால் உருவான நாடு என்பதால், அவற்றைப் பாதுகாக்கும் சட்டங்களும் கடுமையானவை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டைப் பிள்ளைகள் பொறுக்கி வருவது இயல்பு. ஆனால் அதனை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. ஆமை ஓட்டினால் செய்த பொருட்களுக்கும் இது பொருந்தும். ஈட்டி எறிந்து மீன் பிடிப்பதும், சுறா பிடிப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன.

சிக்கல் நேர்ந்தால்

புலம்பெயர்ந்த தமிழர்கள் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கைது செய்யப்பட்டால் உதவ வேண்டியது பிறந்த நாட்டின் தூதரகம் அல்ல. எந்த நாட்டுக் கடவுச்சீட்டில் நுழைந்தார்களோ அந்நாட்டின் தூதரகமே. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரிட்டனுக்கும் தலைநகர் மாலேயில் தூதரகங்கள் உள்ளன. கனடிய குடிமக்களோ கொழும்பிலுள்ள கனடியத் தூதரகத்தையே நாட வேண்டியிருக்கும். உதவி கடல் கடந்துதான் வர வேண்டும்.

தூதரகத்தால் வழக்கறிஞர்களின் பட்டியலைத் தர முடியும்; குடும்பத்துக்குத் தகவல் அனுப்ப முடியும். உள்ளூர்ச் சட்டத்திலிருந்து விடுவிக்க அதனால் இயலாது. ஆகவே விடுதியைப் பதிவு செய்யும்போதே, அது எவ்வகைத் தீவில் உள்ளது என்று கேட்டறிவது பின்னர் நேரக்கூடிய பல சங்கடங்களைத் தவிர்க்கும்.