மலையடிவாரத்தில் தொண்டு வேலையான வரலாறு

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையிலோ சுற்றுவட்டாரத்திலோ ஒரு பிள்ளை சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டால், அடுத்துச் சென்னைக்கோ கோவைக்கோ புறப்பட வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு எழும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் படிப்பே பெருநகரத்தில் பிறந்தது. 1936இல் பம்பாயில் டாடா அறக்கட்டளை தொடங்கிய பள்ளியும், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று உருவாக்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியும் அதற்கு வழி வகுத்தவை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்து ஊர்களின் வரலாற்றில் ஆட்கள் எதிர்த்திசையிலும் வந்திருக்கிறார்கள். தொண்டு செய்ய வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து இங்கேயே குடியிருந்தார்கள். அவர்கள் தொடங்கியவை நிலைத்ததற்கு அவர்களுடைய படிப்பும் தியாகமும் மட்டும் காரணம் ஆகாது. உள்ளூர்க்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த வேலையைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டதே முதன்மையான காரணம். இதை ஒப்புக்கொண்டால், இன்று அந்தப் பெண்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது.

களக்காட்டை அடுத்த டோனாவூரை முதலில் பார்க்கலாம். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமைக்கு வந்து தமிழ் படித்தார், 1901இல் டோனாவூரில் தங்கினார். கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் அபாயத்தில் இருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுப்பது அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. நூல்கள் அவர் பெயரையே பெரிதாகச் சொல்கின்றன. ஆனால் கைக்குழந்தைகளைக் காப்பாற்றும் கடினமான வேலையை டோனாவூர் இல்லத்தின் நெய்யூர்க் காப்பகத்தில் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள் என்ற தமிழ் விதவை. 1931இல் விழுந்து அடிபட்ட ஏமி, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தலைவி அறையை விட்டு அதிகம் வெளியே வராத நிலையிலும் அந்த இல்லம் இயங்கியது. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலர் பெரியவர்களாகி அங்கேயே பணியாற்றினார்கள். தமிழ்ப் பெண் ஊழியர்களை அக்காள் என்றும், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களைச் சித்தி என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும் பிள்ளைகள் அழைத்தார்கள். வந்தவர்கள் இந்த ஊரின் உறவுமுறைக்குள் வந்து சேர்ந்ததால்தான் அந்நியமான ஒரு நிறுவனம் குடும்பமாக நடக்க முடிந்தது.

ஏமி போன்ற மிஷனரிகளின் நோக்கம் மதம் பரப்புவது, அதைச் சமூகப்பணி வரலாற்றில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நோக்கத்தில் மதம் இருந்தது உண்மை, அதை மறைப்பது வரலாறாகாது. கோயில் மரபைப் பற்றி ஏமி எழுதியவற்றில் அவருடைய மதப்பார்வை தெளிவாகவே தெரிகிறது. ஆனால் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் அதே தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடியவர் முத்துலட்சுமி ரெட்டி. 1930இல் அவர் தொடங்கிய அவ்வை இல்லத்துக்கு மதமாற்ற நோக்கம் கிடையாது. பெண் குழந்தைகளைக் காப்பது ஒரு மதத்தின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு அதுவே சான்று. மேலும், நான் எடைபோடுவது நோக்கத்தை அல்ல, ஒரு வேலை இந்த மண்ணில் எப்படி வேரூன்றியது என்பதை. அதற்கான விடையை மதச்சார்பு இல்லாத இன்னொரு நிறுவனமும் தருகிறது.

தென்காசிக்கு அருகே உள்ள ஆய்க்குடியில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் விழுந்து தண்டுவடம் முறிந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையொட்டியே அந்தப் பெயர். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் சென்னையிலிருந்து ஆய்க்குடிக்கே குடிவந்து சேர்ந்துகொண்டார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆயினும் அந்தச் சங்கம் ஆய்க்குடி எல்லையைத் தாண்டிக் கிராமங்களுக்குப் போனது வேறொரு வழியில். வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்க, கிராமங்களில் இருக்கும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். உடலியக்கச் சிகிச்சை நிபுணர் வழிகாட்ட, அந்தப் பெண் வாரந்தோறும் தாயிடம் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பார். எந்த வீட்டில் தாய் பீடி சுற்றிக்கொண்டே பிள்ளையைப் பார்க்கிறாள், எந்த மாமியாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கல்லூரியும் கற்றுத்தராத அறிவு.

அப்படியானால் வெளியூர்க்காரர் எதற்கு என்று கேட்கலாம். அவர் தேவைதான். ஊருக்குள்ளேயே இருப்பவர்களைச் சாதியும் சொந்தமும் கட்டிப்போடும் இடங்களில், வந்தவரால் துணிந்து கதவைத் தட்ட முடியும். கணக்கு எழுதும் ஒழுங்கு, நிதி திரட்டும் தொடர்பு, மருத்துவ அறிவு இவையெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தன. ராமகிருஷ்ணனும் வெளியே போய் அடிபட்டு, சிகிச்சை பெற்று, வேறொரு பார்வையோடு திரும்பியவர்தான். ஆனால் கதவைத் தட்டுவது ஒரு நாள் வேலை. அந்தக் கதவு மறுபடியும் திறக்க வேண்டுமானால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒருவர் வாரந்தோறும் வாசலில் நிற்க வேண்டும்.

அரசும் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடிப் பணியாளர் அதே பகுதிப் பெண்ணாக இருக்க வேண்டும் என்றது. 2021இல் வந்த தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சுய உதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாக வீடுவீடாக அனுப்புகிறது. ஆனால் இந்தப் பாடத்தின் பாதியைத்தான் அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தேசிய அளவில் அங்கன்வாடிப் பெண்ணுக்குக் கொடுப்பதற்கு இன்றும் மதிப்பூதியம் என்றுதான் பெயர். சேவைக்குச் சம்பளம் கேட்டால் சேவை உணர்வு போய்விடும் என்பார்கள். டோனாவூரில் வெளிநாட்டவர் உட்பட யாருக்கும் சம்பளம் இல்லை என்பதையும் சுட்டுவார்கள். ஆனால் அங்கே உணவும் உறைவிடமும் முதுமைப் பாதுகாப்பும் இல்லத்தின் பொறுப்பாக இருந்தன. இன்றைய பணியாளர் தன் குடும்பத்தைத் தானே காப்பாற்ற வேண்டியவர். மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பதால் அவர் கருணை குறைந்துவிடுவதாக யாரும் சொல்வதில்லை. குத்துக்கல்வலசையில் படித்த பெண் விரும்பினால் நகரத்துக்குப் போகட்டும், அது அவர் உரிமை. சொந்த ஊரில் இதே வேலைக்கு நிரந்தரப் பதவியும் உரிய ஊதியமும் இல்லாததால் போக நேர்வதுதான் அநீதி. நூறாண்டாக இந்த அடிவாரத்தின் தொண்டை நடத்திவரும் உள்ளூர்ப் பெண்களை அக்கா என்று அன்போடு அழைத்துவிட்டோம். அவர்களைத் தொழிலாளர் என்று சட்டப்படி ஏற்பதுதான் நாம் செலுத்தாமல் வைத்திருக்கும் கடன்.