வகுப்பறைத் திறப்பு

டென்மார்க்கின் வைலேக்குப் புதிதாக வருபவர்கள் கடல்கழி ஓரத்து ‘அலை’க் கட்டடத்தைத்தான் பார்க்கக் கேட்பார்கள். நான் முதலில் கூட்டிக்கொண்டுபோவது நகரத்துக்குள் இருக்கும் பழைய நூல் மில்லுக்கு. இந்த ஊர் எப்படி இன்றைய ஊரானது என்பது அங்கே நின்று சொன்னால்தான் விளங்கும்.

1327இல் நகர உரிமை பெற்ற வைலே, அதன் பிறகு ஐந்நூறு ஆண்டுகள் சிறிய சந்தையூராகவே கிடந்தது. 1868இல் ஃபிரெடெரீசியாவிலிருந்து ஓர்ஹுஸ் போகும் ரயில்பாதை ஊருக்குள் வந்தது. துறைமுகம் ஏற்கெனவே இருந்தது. ஊரின் பின்னால் கிரெய்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தண்ணீர் விசையால் ஓடும் ஆலைகள் இருந்தன. 1892இல் டென்மார்க் பருத்தி நூற்பாலை நிறுவனம் இங்கே தொடங்கியதும் ஒரு மில்லைத் தொடர்ந்து இன்னொரு மில் எழுந்தது. பருத்தி ஒரு செடிகூட முளைக்காத இந்தக் குளிர்நாட்டு ஊருக்கு ‘டென்மார்க்கின் மான்செஸ்டர்’ என்று பெயர் வந்தது. தென்னிந்தியாவின் மான்செஸ்டரான கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸின் முதல் மில் எழுந்தது 1888இல். நாலே ஆண்டு இடைவெளி. இரண்டு ஊர்களிலும் வயலை விட்டு வந்த சனம் சங்கொலிக்கு எழும்பப் பழகியது.

ஆனால் மில்லுக்கு ஓர் ஆண்டு முன்னரே, 1891இல், வைலேயில் ஒரு விளையாட்டுக் கழகம் பிறந்துவிட்டது. வைலே போல்ட்கிளப் தொடங்கியது கிரிக்கெட் ஆட. கால்பந்து பிறகுதான் வந்தது. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வென்ற அலன் சிமோன்சன் அந்தக் கழகத்தில் வளர்ந்த உள்ளூர்ப் பெடியன். கழகங்களும் சங்கங்களும் இங்கே தொழிற்சாலையோடு சேர்ந்தே வளர்ந்தன: பாட்டுக் குழு, உடற்பயிற்சிக் கழகம், மதுவிலக்குச் சங்கம், தொழிலாளர் வாசிப்பு வட்டம். யாராவது தலைவர், யாராவது பொருளாளர், ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம், கணக்கு வாசிப்பு, கைதூக்கி வாக்கு.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. குருண்ட்விக் என்ற பாதிரியார், பரீட்சைக்காக இல்லாமல் வாழ்க்கைக்காகப் படிக்கும் பள்ளி குடியானவனுக்கு வேண்டும் என்று வாதாடினார். அந்த எண்ணத்தில் முதல் மக்கள் உயர்பள்ளி 1844இல் ரோடிங்கில் திறந்தது. 1849 அரசியலமைப்பு சங்கம் அமைக்கும் உரிமையைக் கொடுத்தது. 1961இல் பண்பாட்டுக்கென்றே ஓர் அமைச்சு வந்தது. 1968இல் ஓய்வுநேரக் கல்விச் சட்டம், 1990இல் மக்கள் கல்விச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டம் சொல்வது எளிது. நிபந்தனைகளை நிறைவேற்றும் சங்கம் கேட்டால், பள்ளிக்கூட அறை, விளையாட்டு மண்டபம் போன்ற பொது இடங்களைக் கொமூன், அதாவது உள்ளூராட்சி, அதற்குத் தர வேண்டும். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் செயற்பாட்டுக்குப் பணமும் தர வேண்டும். சங்கத்துக்கு யாப்பு வேண்டும், தேர்ந்தெடுத்த நிருவாகம் வேண்டும், ஒழுங்கான கணக்கு வேண்டும். எந்த மொழி, எந்தக் கடவுள், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று அது கேட்பதில்லை.

இங்குள்ள தமிழரான எங்கள் வாழ்க்கையை மாற்றிய சட்டம் இதுதான். ஓர் ஊரின் பண்பாடு அதன் கட்டடங்களில் அல்ல, மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. இத்தனை ஆண்டு இந்த ஊரில் இருந்து நான் கண்டது அதைத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்த எண்பதுகளில் அகதிகளை நாடு முழுவதும் பிரித்துக் குடியமர்த்தினார்கள். ஆகவே கோப்பன்ஹேகனில் ஒரு தமிழ்ப்பேட்டை உருவாகவில்லை. ஹேர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ, ஹோர்சென்ஸ், வைலே என்று யூட்லாந்தின் சிற்றூர்களில் பத்துக் குடும்பம், இருபது குடும்பமாகச் சிதறினோம். அதிலும் அப்போது வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன் 1987இல் தமிழ் அகதிகளின் குடும்பத்தினருக்கான விண்ணப்பங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக முடக்கி வைத்தார். மனைவி கொழும்பில், பிள்ளை வன்னியில், புருஷன் இங்கே இறைச்சித் தொழிற்சாலையில். அந்த விவகாரம் வெளிவந்து, 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரே பதவி விலகினார். 1995இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. தமிழரின் பெயரால் ஓர் அரசு கவிழ்ந்ததை இங்குள்ள பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் ‘தமிழர் வழக்கு’ என்று படிக்கிறார்கள்.

குடும்பங்கள் வந்து சேர்ந்த பிறகு பிள்ளைகள் டேனிஷில் கனவு காணத் தொடங்கினார்கள். அப்போதுதான் நாங்கள் சங்கம் பதிந்தோம். யாப்பு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டேனிஷ் ஆசிரியை சமையலறை மேசையில் இருந்து எழுதித் தந்தார். சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறையும், பரதநாட்டியத்துக்கு உடற்பயிற்சிக் கூடமும் கிடைத்தன. மரத்தரையில் சலங்கை ஒலித்தபோது காவலாளி கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

2002இல் அடி விழுந்தது. ஐரோப்பிய நாடுகளுக்கு வெளியேயிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் கடமையிலிருந்து கொமூன்களை அரசு விடுவித்தது. கொமூன் சம்பளத்தில் தமிழ் படிப்பித்தவர்கள் நிறுத்தப்பட்டார்கள். அது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு பிள்ளையின் மொழிக்கு விலை வைக்கும்போது கடவுச்சீட்டைப் பார்ப்பது அரசுக்கு அழகில்லை. ஆனால் அறைகளை எடுக்க முடியவில்லை. ஏனென்றால் அறை தந்த சட்டம் குடியேறிகளுக்கென்று எழுதப்பட்டதல்ல. பாட்டுக் குழுவுக்கும் பூப்பந்துக் கழகத்துக்கும் உள்ள அதே சட்டம். எங்களிடமிருந்து பறித்தால் அவர்களிடமிருந்தும் பறிக்க வேண்டும். தனிச்சலுகையை அடுத்த தேர்தலில் வெட்டலாம், எல்லாருக்குமான உரிமையை வெட்டுவது கடினம். நகரக் கொள்கை வகுக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

வாக்கும் இருந்தது. மூன்று ஆண்டுகள் இங்கே வாழ்ந்த வெளிநாட்டவர் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 1981இலேயே சட்டம் வந்துவிட்டது. குடியுரிமை கிடைக்கும் முன்னரே கொமூன் தேர்தலில் வாக்களித்தோம். வாக்கு இருந்ததால் வேட்பாளர்கள் எங்கள் பொங்கல் விழாவுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த 1981ஆம் ஆண்டை யாழ்ப்பாணத்தான் வேறொன்றுக்காக மறக்கமாட்டான். நகரசபையும் சனமும் சேர்ந்து, சாம் சபாபதி போன்றோர் காசு சேர்த்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து, 1959இல் திறந்த பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். செல்லப்பா என்ற நூலார்வலர் 1933இல் தன் வீட்டில் தொடங்கிய சிறு நூல்நிலையம் வளர்ந்து அப்படி ஆனது. ஒரு நகரத்தை அழிக்க நினைப்பவன் நூலகத்தில் கைவைக்கிறான் என்பது எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லாத செய்தி. வைலே நூலகத்துத் தட்டில் முதன்முதலாக ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் புரட்டியவர்கள் பேசாமல் நின்றதற்குக் காரணம் அது.

மில்லுக்கு வருவோம். நூற்பு நின்றபிறகு அந்த மண்டபங்களை இடித்து மனை பிரித்திருக்கலாம். வைலே அப்படிச் செய்யவில்லை. இன்று அது ஸ்பின்டரிஹாலர்னே என்ற பண்பாட்டு மையம். ஊரின் வரலாற்றுக் காட்சிக்கூடமும் சிறு வடிவமைப்பு நிறுவனங்களும் பட்டறைகளும் அங்கே இருக்கின்றன.

துறைமுகப் பக்கம் பிறகு வந்தவைதான் பேர்பெற்ற கட்டடங்கள். ஹென்னிங் லார்சன் நிறுவனம் வரைந்த ‘அலை’யின் முதல் இரண்டு வளைவுகள் 2009இல் எழுந்தன. நிதி நெருக்கடியில் வேலை நின்று, மற்ற மூன்றும் 2018இல் முடிந்தன. அதே 2018இல் கலைஞர் ஒலாஃபுர் எலியாசனின் ஃபியோர்டென்ஹுஸ் கட்டடம் தண்ணீருக்குள் நின்றது: 28 மீட்டர் உயரம், ஏறத்தாழ 9,70,000 செங்கல். அழகானவை, மறுக்கவில்லை. ஃபியோர்டென்ஹுஸில் எனக்குப் பிடித்தது அதன் தரைத்தளம் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது. ‘அலை’ தனியார் வீடு. நாங்கள் வெளியே நின்று படம் எடுக்கிறோம். ஊருக்குப் பேர் கொடுப்பது ஒன்று, ஊராரைச் சேர்த்து வைப்பது வேறு. கொமூன் வரவுசெலவில் முன்னதற்குக் குரல் கொடுக்க ஆள் உண்டு. பின்னதற்கு நாங்கள்தான் போய்ப் பேச வேண்டும்.

அந்தக் கட்டடங்கள் நிற்கும் கடல்கழியே மூச்சுத் திணறுகிறது. விவசாய நிலங்களிலிருந்து வடியும் நைதரசனால் அடியில் உயிர் அற்றுப்போவதைக் காட்ட, 2024 ஏப்ரலில் சுற்றுச்சூழல் அமைப்புகள் வைலே கடல்கழிக்கு ஓர் இறுதிச்சடங்கே நடத்தின. நாடே திரும்பிப் பார்த்தது. அதைச் செய்ததும் சங்கங்கள்தான்.

ஹேர்னிங்கில் சித்தி விநாயகருக்கும் பிராண்டேயில் அபிராமி அம்மனுக்கும் கோயில் எழுப்பிவிட்டோம். தேர் ஓடுகிறது, ஐரோப்பா எங்குமிருந்து சனம் வருகிறது. பெருமைதான். ஆனால் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் ஆகி, சங்கக் கூட்டத்துக்கு மட்டும் வருவதில்லை. யாப்பின்படி நிருவாகம் இல்லாவிட்டால் சங்கம் இல்லை. சங்கம் இல்லாவிட்டால் அறை இல்லை.

இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவியை விடுகிறேன். வைலேயில் இருக்கும் தமிழ் இளையோரே, உங்களில் ஒருவர் பெயர் கொடுங்கள். கணக்குப் புத்தகத்தை நான் சொல்லித் தருகிறேன்.