புயலுக்கு மறுநாள்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயிலும் கடலுள் மூழ்கியது. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பெற்றது. ஊரோ வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பெற்றது. இவை ஏடுகளில் உள்ளன.

ஆயினும் மீனவர் முற்றிலும் அகன்றிலர். கடலருகே மணலைத் தோண்டி நன்னீர் எடுத்தனர், குடிசை வேய்ந்தனர், வலை உலர்த்தினர். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017இல்தான். அழிவின் ஓரிரவு நெஞ்சில் நிற்கும். இடைப்பட்ட அரை நூற்றாண்டின் அன்றாடமோ எழுதாவிடில் மறையும்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என வகுத்தனர் முன்னோர். கவிஞர் இரங்கலோடு நின்றுவிடலாகாது. அறுந்த இழையை முடிந்து மேலும் நெய்யும் ஊராராகிய நாம், அம்மணலூற்றின் நீரையும் பாட்டில் ஏற்றுதல் வேண்டும்.