கிழக்குக்கோட்டைக் களரியும் நடிகனின் உடலும்

உரையாடலைக் காட்டிலும் உடலின் நிலை, அசைவு, மூச்சு ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டு கதையை நிகழ்த்திக் காட்டும் நாடக வகை உடல்வழி அரங்கு எனப்படுகிறது. இதனை மேலைநாட்டு இறக்குமதியாக எண்ணுவோர் உண்டு. ஆயினும் 1963இல் நாடக இயக்குநர் யூஜீனியோ பார்பா கேரளக் கலாமண்டலத்துக்கு வந்து, கதகளிப் பயிற்சி முறையைக் கண்டறிந்து, போலந்தில் க்ரோட்டோவ்ஸ்கி நடத்திவந்த நாடகக் குழுவுக்கு அதை எடுத்துச் சென்றதை நினைவிற்கொண்டால், கொடுக்கல் வாங்கல் இரு திசையிலும் நிகழ்ந்தது விளங்கும். அவ்வரலாற்றில் திருவனந்தபுரத்தின் பங்கு, குறிப்பாகக் கிழக்குக்கோட்டைக் களரியின் பங்கு, போதிய அளவு பேசப்படவில்லை.

வட மலபாரில் நலிந்து கிடந்த களரிப்பயிற்று என்னும் போர்க்கலைக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புத்துயிர் அளித்தவர்கள் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர்தம் மாணவர் சி. வி. நாராயணன் நாயரும் ஆவர். நாராயணன் நாயரின் மகன் கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் திருவனந்தபுரத்தின் கிழக்குக்கோட்டைப் பகுதியில் சி.வி.என். களரியை நிறுவினார். தென் திருவிதாங்கூரின் கன்னியாகுமரிப் பகுதி கேரளத்தோடு சேராமல் சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். அப்பகுதிக்கும் திருவனந்தபுரத்துக்கும் பொதுச் சொத்தாக இருந்தது, வர்ம நூல்களைத் தமிழில் போற்றிவந்த ஆசான்மாரின் தெக்கன் (தெற்கு) முறைக் களரிப்பயிற்று. அந்த மண்ணில்தான் வட மலபாரின் வடக்கன் முறை வந்து வேரூன்றியது.

வடக்கன் முறையில் களரி என்பது தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்ட மண் தளம். அதற்கு மரபு வகுத்த அளவு 42 அடி நீளமும் 21 அடி அகலமும் ஆகும். எண்ணெய் பூசிய உடலோடு வரும் மாணவர் வலது காலை முன்வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றி, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக எழும் பூத்தறை என்னும் வழிபாட்டு மேடையை வணங்கிய பின்பே பயிற்சியைத் தொடங்குவார். குரு தொடர்ச்சியாகச் சொல்லும் ஆணைகளான வாய்த்தாரிக்கு இசையக் காலை உயர வீசுவதும், யானை, சிங்கம், மயில் முதலிய வடிவுகளில் தாழ்ந்து நிற்பதும் மெய்த்தாரி எனப்படும் முதற்கட்டப் பாடங்கள். அவை உடலில் படிந்த பிறகே கோலும் வாளும் கைக்கு வரும். மழைக்காலத்தில், மேலே கட்டிய கயிற்றைப் பிடித்தபடி குரு தம் பாதத்தால் மாணவரின் உடலை நீவிவிடும் உழிச்சலும் இப்பயிற்சியின் ஒரு பகுதியே.

இப்பயிற்சியை நாடகத்தோடு இணைப்பதற்கான சிந்தனை வேறோரிடத்தில் முளைத்தது. 1967இல் சாஸ்தாம்கோட்டையில் ஜி. சங்கரப் பிள்ளை முதலியோர் தொடங்கிய நாடகக்களரி என்னும் பயிலரங்கு இயக்கத்தில், கேரளத்தின் ஆட்டமரபுகளிலிருந்தே நாடகம் எழ வேண்டும் என்னும் 'தனது நாடகவேதி'க் கருத்தை சி. என். ஸ்ரீகண்டன் நாயர் முன்வைத்தார். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த சே. இராமானுஜமும் அம்முயற்சியில் பங்குகொண்டவர். அக்கருத்துக்குத் திருவனந்தபுரத்தில் உருவம் தந்தவர் காவாலம் நாராயண பணிக்கர் (1928–2016). அவர் எழுதி ஜி. அரவிந்தன் இயக்கிய 'அவனவன் கடம்ப' 1975இல் திறந்தவெளியில் நிகழ்த்தப்பட்டது. அதில் நடித்த நெடுமுடி வேணு, 1978இல் அரவிந்தனின் 'தம்பு' வழியாகத் திரைக்குச் சென்றபோது, தாளம் அறிந்த உடலையே முதலாகக் கொண்டு சென்றார். பணிக்கரின் சோபானம் குழுவில் களரிப்பயிற்று நடிகர்களுக்கான அடிப்படைப் பயிற்சியாகவே அமைந்தது.

நடிகன் தன் கலையை முதலில் உணர்ந்து, பிறகே அதற்கான பயிற்சியைத் தேடுகிறான் என்பது பரவலான நம்பிக்கை. இந்நகரின் சான்றுகளோ பயிற்சி முந்தியும் தெளிவு பிந்தியும் வருவதையே காட்டுகின்றன. அமெரிக்க நாடக இயக்குநர் ஃபிலிப் ஸாரில்லி 1976இல் கேரளத்துக்கு வந்து கதகளியையும், கோவிந்தன்குட்டி நாயரிடம் களரியையும் பயிலத் தொடங்கினார். விளையாட்டுப் பயிற்சியில் முறுக்கேறியிருந்த அவருடைய உடல் ஒவ்வொரு வடிவையும் வலிமையால் வெல்ல முயன்றது. பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்த பின்னரே மூச்சும் கவனமும் அசைவும் ஒன்றாயின. 1988இல் கோவிந்தன்குட்டி நாயர், குருநிலைக்கு அடையாளமான பீடத்தை அவருக்கு அளித்தார். உடல் முழுவதும் கண்ணாகும் நிலையைப் பற்றி 1998இல் வெளிவந்த அவருடைய நூல், களரிப்பயிற்று குறித்த ஆய்வுகளில் இன்றும் முதன்மையானது.

2020இல் மறைந்த ஸாரில்லி, தாம் கற்றதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இங்கிலாந்தின் எக்ஸெட்டரிலும் வேல்ஸில் அமைத்த பயிற்சிக்கூடத்திலும் நடிகர்களுக்குக் கற்பித்தாரே தவிர, களரியை மேடைக் காட்சியாக்குவதை நோக்கமாகக் கொள்ளவில்லை. அப்பயிற்சியை அவர் பெரிதும் பயன்படுத்தியது, பாத்திரங்கள் ஏறக்குறைய அசையாமலே அமர்ந்திருக்கும் சாமுவேல் பெக்கெட்டின் குறுநாடகங்களில்தான்.