லேவியின் ஆயத்துறை: கீழ்ப்படிதலும் தெய்வஞானமும் பற்றி ஒரு விசாரணை

கடவுளை முதலில் அறிந்து, அவ்வறிவு விசுவாசமாகக் கனிந்து, விசுவாசம் கீழ்ப்படிதலாகப் பலன் கொடுக்கும் என்று படிப்படியாக வகுத்துரைப்பது கிறிஸ்தவ உபதேச நூல்களில் பெருவழக்கு. போதிப்பதற்கு வசதியான இவ்வரிசை அநுபவத்திற்குப் பொருந்துவதில்லை என்பதே என் வாதம். அதற்கு ஜெர்மானிய லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரின் (1906–1945) வாழ்வைச் சான்றாகக் கொள்கிறேன்.

இருபத்தோராம் வயதிலேயே, 1927இல், பெர்லின் சர்வகலாசாலையில் திருச்சபையைக் குறித்த ஆய்வுரையைச் சமர்ப்பித்துப் பண்டிதர் என்று பெயரெடுத்த அவர், 1936 ஜனவரியில் எழுதிய கடிதமொன்றில், பலமுறை பிரசங்கித்திருந்தும் தாம் கிறிஸ்தவராகாதிருந்த காலம் ஒன்றுண்டு என்றும், வேதாகமமே, விசேஷமாக மலைப்பிரசங்கமே, தம்மை விடுவித்தது என்றும் கூறுகிறார். மலைப்பிரசங்கம் அவருக்குப் புதிதன்று. மனிதனின் இயலாமையைக் காட்டிக் கிருபையை நாடச்செய்வதே அதன் பிரயோஜனம் என்று லூத்தரன் மரபினர் பலர் வியாக்கியானம் செய்துவந்ததை அவர் கற்றே இருந்தார். 1930–31இல் நியூயார்க்கில் நட்புக் கொண்ட பிரெஞ்சுக்காரர் ழான் லாசேர், சத்துருவைச் சிநேகிக்கச் சொன்ன கட்டளையைக் கைக்கொள்ள வேண்டிய கட்டளையாகவே எடுத்துக்கொண்டவர். வசனம் மாறவில்லை, வாசிப்பவன் அதன்முன் நிற்கும் நிலையே மாறியது.

1935இல் ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியில், வாரம் முழுதும் ஒரே வேதபகுதியை, விளக்கவுரைகளின் துணையின்றி, பிரசங்கத்திற்குக் குறிப்பெடுக்கும் நோக்கமுமின்றி, தினமும் அரைமணி நேரம் தியானிக்கும் அநுஷ்டானம் இருந்தது. மாணவர் சிலர் சலித்துக்கொண்டனர் (குறிப்பெடுக்காமல் வாசிப்பது கற்றவனுக்கு எத்தனை கடினம்!), அதில் மடத்து வாடை வீசுவதாக இறையியலாளர் கார்ல் பார்த் ஐயுற்றார். 1937இல் கெஸ்டாபோ அப்பள்ளியை மூடிய அதே ஆண்டில் வெளிவந்த சீஷத்துவ நூலில், ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவி அழைக்கப்பட்டவுடன் எழுந்து சென்றதற்கு மாற்கு காரணம் எதுவும் சொல்லாமையைப் போன்ஹோஃபர் உற்றுநோக்குகிறார். எழுந்து செல்லுதல் புண்ணியமாகாது, ஏனெனில் அழைப்பே முந்தியது. ஆயினும் எழாதவன் விசுவாசிக்கக்கூடிய இடத்திற்கே வந்து சேர்வதில்லை.

இதற்கு எழும் வலிய ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருவது. அக்காலத்து ஜெர்மனியில் கீழ்ப்படிதலுக்கா பஞ்சம்? தேசமே ஒரு தலைவனுக்குக் கீழ்ப்படிந்து நின்றதே! எனவே கீழ்ப்படிதல் தன்னளவில் தெய்வஞானம் தருமென்பது பொய்; வாசிப்பவனுடைய விருப்பத்திற்கும் அவன் நாட்டின் விருப்பத்திற்கும் எதிர்நின்று பேசவல்ல வேதவசனத்துக்குச் செய்யும் கீழ்ப்படிதலே அதைத் தரவல்லது. தியானத்தின் அந்த அரைமணி நேரத்தை நான் மடத்து வாடையாகக் கருதாததற்கு இதுவே காரணம்.

ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றதற்கு மறுநாள், 1944 ஜூலை 21இல், போன்ஹோஃபர் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், பரிசுத்த வாழ்வு வாழ முயன்றே விசுவாசத்தைக் கற்கலாமென்று முன்னர் எண்ணியதையும், தம் சீஷத்துவ நூலின் அபாயங்கள் இப்போது தெளிவாகத் தெரிவதையும் சொல்லிவிட்டு, ஆயினும் எழுதியதைக் கைவிடவில்லை என்கிறார். இதைப் பின்வாங்கலாகக் கொள்வோர் உண்டு. இவ்வுலகின் கடமைகளிலும் தோல்விகளிலும் முழுமையாக வாழ்ந்தே விசுவாசிக்கக் கற்கிறோம் என்று அக்கடிதம் தொடர்வதால், அவர் துறந்தது கீழ்ப்படிதலையன்று, தம் பரிசுத்தத்தைத் தாமே சமைக்கும் பிரயத்தனத்தையே என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.